கடை ஃப்ரீசரில் எதை எடுக்கலாம்? ஐஸ்க்ரீம், குல்ஃபி, ஃப்ரோசன் டெசர்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர் மார்க்கெட்டிலோ தெருமுனை மளிகைக் கடையிலோ உள்ள ஃப்ரீசரிலிருந்து வீட்டுக்கு எடுத்துவரும் குளிர் இனிப்புகளைப் பற்றியது இந்தப் பக்கம். இந்தியாவில் விற்கப்படும் பாக்கெட்டுகளையும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வகுத்த விதிகளையும் வைத்தே பதில்கள் தரப்பட்டுள்ளன. உடலுக்கு நல்லது என்று சொல்லிச் சாப்பிடும் அளவுக்கு எந்த ஐஸ்க்ரீமும் கிடையாது. ஆனால் ஒரே ஃப்ரீசரில் கிடக்கும் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

டப்பாவைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். அங்கே மூன்று எண்கள் போதும்: கிராமில் எடை, 'ஆடட் சுகர்ஸ்' என்று போட்டிருக்கும் சேர்த்த சர்க்கரை, 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்று போட்டிருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. சேர்த்த சர்க்கரையைத் தனி வரியில் காட்ட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதி. பக்கத்தில் இருக்கும் சதவீதம், நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவரை வைத்துப் போட்ட கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு நாளின் உச்ச அளவு சேர்த்த சர்க்கரைக்கு 50 கிராம், நிறைவுற்ற கொழுப்புக்கு 22 கிராம்.

சாதாரண வெனிலா ஐஸ்க்ரீம் 100 கிராமில் சுமார் 10 கிராம் கொழுப்பு, 23 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் அடக்கம்), 4 கிராம் புரதம் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 200 கலோரி வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த லேபிளையும் இதோடு ஒப்பிட்டு, கூடுதலா குறைவா என்று உடனே சொல்லிவிடலாம். சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு 15 கிராமுக்குள் இருந்தால் நல்ல தேர்வு. 20-ஐத் தாண்டினால் திரும்ப வைத்துவிடலாம்.

பொருள் பட்டியலையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிக எடையில் சேர்த்தது முதலில் வர வேண்டும் என்பது விதி. பாலோ பால் திடப்பொருளோ முதலில் வந்தால் சரி. தண்ணீர், சர்க்கரை, தாவர எண்ணெய் என்று தொடங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

விலையும் அளவும் மில்லிலிட்டரில் இருக்கின்றன. சத்து விவரம் கிராமில் இருக்கிறது. எப்படி ஒப்பிடுவது?

பலரும் தவறவிடும் இடம் இது. ஐஸ்க்ரீம் கலவையைக் குளிர்விக்கும்போதே காற்றையும் சேர்த்து அடிப்பார்கள். இப்படிக் கூடும் கனஅளவுக்கு 'ஓவர்ரன்' என்று பெயர். காற்று இல்லையென்றால் கரண்டி இறங்காது. அளவுக்கு மீறினால் நுரையைத்தான் காசு கொடுத்து வாங்குவீர்கள். அதனால்தான் ஐஸ்க்ரீம் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 700 மி.லி. டப்பா என்றால் குறைந்தபட்சம் 367 கிராம் சொச்சம். அதே 700 மி.லி.யில் 450 கிராம் தரும் நிறுவனமும் இருக்கலாம். விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது.

உடல்நலக் கணக்கில் இது வேறு விதமாக வேலை செய்கிறது. காற்று கெடுதல் இல்லை. அதில் கலோரியும் இல்லை. சிக்கல் கெட்டியான வகைகளில்தான். குல்ஃபியில் காற்று அடிப்பதே இல்லை. ஆகவே 60 மி.லி. குல்ஃபி ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். 100 மி.லி. கப் ஐஸ்க்ரீமும் 53 முதல் 60 கிராம்தான். பார்வைக்குப் பாதியாகத் தெரியும் குல்ஃபியில் கப்புக்கு நிகரான சர்க்கரையும் கொழுப்பும் அடங்கியிருக்கின்றன. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்வதால் சில குல்ஃபிகளில் கூடுதலாகவும் இருக்கும்.

ஐஸ்க்ரீமும் ஃப்ரோசன் டெசர்ட்டும் ஒன்றா?

இல்லை. பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி டப்பாவில், ஒரே சுவைப் பெயரில் இருந்தாலும் சட்டப்படி இரண்டும் வேறு. ஐஸ்க்ரீமில் உள்ள கொழுப்பு பால் கொழுப்பாகவே இருக்க வேண்டும், குறைந்தது 10%. புரதம் குறைந்தது 3.5%. ஃப்ரோசன் டெசர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்க்கலாம். ஆனால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும். டப்பாவின் முகப்பில் சுவையின் பெயர் பெரிதாகவும் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்பது சின்னதாகவும் இருக்கலாம், தேடிப் படியுங்கள். பொருள் பட்டியலில் 'எடிபிள் வெஜிடபிள் ஆயில்', 'பாமோலின்', 'ஹைட்ரஜனேட்டட் ஃபேட்' போன்ற பெயர்கள் கண்ணில் படும்.

இந்த வித்தியாசம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருப்பதாகச் சொன்ன அமுலின் விளம்பரத்தை எதிர்த்து, க்வாலிட்டி வால்ஸ் என்ற ஃப்ரோசன் டெசர்ட்டை விற்றுவந்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2017 ஜூனில் அந்த விளம்பரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. தாவர எண்ணெய் எல்லாமே வனஸ்பதி (ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய்) அல்ல. பாம் ஆயிலும் தேங்காய் எண்ணெயும் ஹைட்ரஜன் ஏற்றாமலேயே குளிரில் கெட்டியாகிவிடும். அதோடு, ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகி இதயத்துக்குக் கெடுதல் செய்யும் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெயிலும் அதைச் சேர்த்துச் செய்யும் உணவுகளிலும் மொத்தக் கொழுப்பில் 2%-க்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

அப்படியென்றால் இரண்டில் எது மேல்?

எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தது. பால் கொழுப்பில் ஏறத்தாழ 60 முதல் 65% நிறைவுற்ற கொழுப்பு. பாம் ஆயிலில் பாதி. பாம் கெர்னல் ஆயிலில் 80% அளவில், தேங்காய் எண்ணெயில் 90% அளவில். ஆக, 10% கொழுப்புள்ள பால் ஐஸ்க்ரீம் 100 கிராமில் 6 கிராம் சொச்சம் நிறைவுற்ற கொழுப்பு வரும். பாம் ஆயிலில் செய்தது 5 கிராம். தேங்காய் எண்ணெயில் செய்தது 9 கிராம். 'தாவர எண்ணெய், ஆகவே இதயத்துக்கு நல்லது' என்பதும் நிற்காது. 'ஃப்ரோசன் டெசர்ட் என்றாலே விஷம்' என்பதும் நிற்காது.

எங்கள் தேர்வைக் கேட்டால், பால் ஐஸ்க்ரீமைத்தான் சொல்வோம். காரணம் கொழுப்பு மட்டுமல்ல. பால், சர்க்கரை, ஒன்றிரண்டு நிலைப்படுத்திகள் என்று பட்டியல் சுருக்கமாக இருக்கும் சாதா வெனிலா பெரும்பாலும் பால் ஐஸ்க்ரீம் பக்கம்தான் கிடைக்கிறது. ஆவின் போன்ற பால் கூட்டுறவுகளின் தயாரிப்புகளிலும் இதையே தேடிப் பாருங்கள்.

'லோ ஃபேட்' என்று போட்டிருப்பதை நம்பலாமா?

கொழுப்பைப் பொறுத்தவரை நம்பலாம். 'மீடியம் ஃபேட் ஐஸ்க்ரீம்' என்றால் பால் கொழுப்பு 2.5 முதல் 10%-க்குள். 'லோ ஃபேட் ஐஸ்க்ரீம்' என்றால் 2.5%-க்கு மிகாமல். ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டால் வாயில் தண்ணீராகத் தெரியும். அதை ஈடுகட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ குளூக்கோஸ் சிரப்போ கூடுதல் சர்க்கரையோ சேர்ப்பது வழக்கம். சேர்த்த சர்க்கரை வரியையும் மொத்த மாவுச்சத்து வரியையும் பார்க்காமல் லோ ஃபேட்டை எடுக்காதீர்கள்.

ஐஸ்க்ரீமில் ஏன் இவ்வளவு சர்க்கரை? குறைத்துச் செய்ய முடியாதா?

இனிப்புக்காக மட்டும் சர்க்கரை போடுவதில்லை. சர்க்கரை கரைந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. இன்னும் கீழே போக வேண்டும். அதனால்தான் கழித்தல் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்க்ரீமிலும் ஒரு பகுதி நீர் உறையாமல் நின்று கரண்டிக்கு வழிவிடுகிறது. சர்க்கரையைப் பாதியாக்கினால் கல்லாகிவிடும். அதோடு, குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும். உருகிய ஐஸ்க்ரீமை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உள்ளே இருந்த சர்க்கரை எவ்வளவு என்று தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரைப்படி, தனிச் சர்க்கரை (சேர்த்த சர்க்கரையோடு தேன், பழச்சாற்றில் உள்ளதும்) ஒரு நாள் கலோரியில் 10%-க்குக் கீழே இருக்க வேண்டும். 5%-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரிக்கு அது 50 கிராம், 25 கிராம். 100 மி.லி. கப் ஒன்றில் 9 கிராம் வரை சேர்த்த சர்க்கரை இருக்கலாம். அதாவது இரண்டு டீஸ்பூனுக்கு மேல். இதை மற்ற காபி, டீ, பிஸ்கட்டோடு கூட்டிப் பாருங்கள். ஐஸ்க்ரீம் சாப்பிடும் நாளில் சாயங்காலக் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பது, விலை கூடுதலான 'ஹெல்தி' டப்பாவைத் தேடி அலைவதைவிட நிச்சயமான பலன் தரும்.

பட்டியலில் சர்க்கரை ஒரே பெயரில் இருக்காது. லிக்விட் குளூக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், தேன், வெல்லம், பேரீச்சை சிரப் எல்லாம் சர்க்கரைக் கணக்குதான். வெல்லம் போட்டதால் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று விற்பது ஏமாற்று.

சர்க்கரை நோய் இருக்கிறது. 'நோ ஆடட் சுகர்' டப்பாவை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விருப்பம்போல் சாப்பிடலாம் என்று பொருள் அல்ல. சேர்த்த சர்க்கரை இல்லை என்பது மட்டுமே அந்த வாசகத்தின் பொருள். பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் அப்படியே இருக்கும். 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சுகர் ஃப்ரீ' என்று சொல்லக்கூடாது என்பது விதி. பாலில் செய்தது அந்த அளவுக்குள் அடங்குவது கடினம் என்பதால்தான் பெரும்பாலும் 'நோ ஆடட் சுகர்' என்றே எழுதுகிறார்கள்.

மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராமல் மாவுச்சத்தில் வரும். ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சர்க்கரைக்குச் சளைக்காமல் ஏற்றும். ஆகவே மொத்த மாவுச்சத்து வரிதான் உங்களுக்கு முக்கியம். சாதா வெனிலாவே சுமார் 65 கிராம் எடுத்தால் 15 கிராம் மாவுச்சத்து, ஏறத்தாழ ஓர் இட்லிக்கு இணையாக வரும். அதை உணவின் கணக்கில் சேர்த்து, சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். தனியாக, பசித்த வயிற்றில் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியால் வகை இனிப்பூட்டிகளான மால்டிடால் (பொருள் பட்டியலில் எண் 965), சார்பிடால் (420) சேர்த்தவற்றில் அளவு மீறினால் வயிறு உப்பும், பேதி ஆகும். 'பாலியால்ஸ் மே ஹாவ் லாக்சேடிவ் எஃபெக்ட்' என்ற எச்சரிக்கை அதற்காகத்தான். டப்பாவில் பாதியை ஒரே மூச்சில் முடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மற்ற இனிப்பூட்டிகளின் எண்கள்: சுக்ராலோஸ் 955, ஸ்டீவியா 960, அஸ்பார்டேம் 951. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடக்கூடாது. உடல் எடையைக் குறைக்கச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல.

குச்சி ஐஸில் கொழுப்பே இல்லையே, அது நல்லதுதானே?

கலோரிக் கணக்கில் ஆம். 60 மி.லி. ஆரஞ்சு குச்சி ஐஸ் ஒன்று 50 கலோரி அளவில் முடிந்துவிடும். ஆனால் அது சர்க்கரைத் தண்ணீர், நிறம், எசென்ஸ். புரதமோ சுண்ணாம்புச் சத்தோ கிடையாது. பழச்சாறு சேர்த்தது என்று போட்டிருந்தால் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சர்பெட் வகைகளில் பழம் உண்மையிலேயே இருக்கலாம். ஆனால் சர்க்கரை பால் ஐஸ்க்ரீமைவிடக் கூடுதலாக இருப்பது சகஜம், ஏனெனில் மிருதுவாக்கக் கொழுப்பு இல்லாத இடத்தில் அந்த வேலையையும் சர்க்கரையே செய்ய வேண்டியிருக்கிறது.

சாக்கோபார், கோன் வகைகள்?

மேல் பூச்சைக் கவனியுங்கள். பெரும்பாலான பூச்சு உண்மையான சாக்லேட் அல்ல. கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் பாம் கெர்னல் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சேர்த்த 'காம்பவுண்ட்'. உள்ளே இருப்பது அசல் பால் ஐஸ்க்ரீமாக இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு வரி இந்தப் பூச்சினால் ஏறிவிடும். கோனில் இன்னும் அடுக்குகள்: மேலே சாஸ், நடுவே ஐஸ்க்ரீம், உள்சுவரில் சாக்லேட் பூச்சு, அடியில் ஒரு கட்டி, வெளியே மைதா. 120 மி.லி. கோன் ஒன்று 220 முதல் 280 கலோரி வரை போகும். 100 மி.லி. சாதா கப் 110 கலோரி அளவில் நிற்கும். கோன்தான் வேண்டுமென்றால் நாற்பது, ஐம்பது மி.லி. சிறு கோன்கள் வருகின்றன, அவற்றை எடுங்கள்.

ஃப்ரோசன் யோகர்ட், வீகன், புரத ஐஸ்க்ரீம்?

ஃப்ரோசன் யோகர்ட்டில் கொழுப்பு குறைவு. தயிரின் புளிப்பை மறைக்கச் சர்க்கரை தாராளம். தேங்காய்ப் பாலில் செய்த வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராத) வகையில் நிறைவுற்ற கொழுப்பு பால் ஐஸ்க்ரீமைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஓட்ஸ், பாதாம் வகைகளில் புரதம் சொற்பம். புரத ஐஸ்க்ரீம் 100 கிராமில் 8 கிராமாவது தராவிட்டால் அந்த விலைக்கு மதிப்பில்லை. ஒரு டம்ளர் பாலிலேயே 6 கிராம் கிடைத்துவிடும்.

பால் ஒத்துக்கொள்ளாது. ஃப்ரோசன் டெசர்ட் சாப்பிடலாமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாறியது கொழுப்பு மட்டும். பால் திடப்பொருள் இருக்கிறது, அதனால் லாக்டோஸும் பால் புரதமும் இருக்கின்றன. லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குச் சிறு அளவு பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் பால் புரத அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஒரு கரண்டியும் ஆபத்தாகலாம். பட்டியலுக்குக் கீழே 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நட்ஸ் அலர்ஜிக்கும் அதே வரிதான். பாதாம், முந்திரி, பிஸ்தா எல்லாம் ஒரே இயந்திரத்தில் ஓடுவதால் 'மே கன்டெய்ன்' என்பதையும் லேசாக எடுக்காதீர்கள்.

பொருள் பட்டியலில் 412, 471 என்று எண்கள் இருக்கின்றனவே, பயப்பட வேண்டுமா?

எண் இருப்பதாலேயே பயம் வேண்டாம். 412 என்பது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம். 410 கேரப் மர விதையின் பசை. 407 கடற்பாசியிலிருந்து வரும் கேரகீனன். 471 கொழுப்பிலிருந்து செய்யும் எமல்சிஃபையர். நீர் பெரிய பனித்துகள்களாகத் திரளாமலும், நீரும் கொழுப்பும் பிரியாமலும் இவை பார்த்துக்கொள்கின்றன. 466, 433 ஆகிய இரண்டு எமல்சிஃபையர்கள் மட்டும் எலிகளிடம் குடல் நுண்ணுயிர்களை மாற்றி லேசான அழற்சியை உண்டாக்கியதாக 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரம் ஒரு கப் சாப்பிடுபவர் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

நிறங்களில் கவனம் தேவை. 102, 110, 122, 124 ஆகியவை செயற்கை நிறங்கள். பட்டர்ஸ்காட்ச், ஸ்ட்ராபெரி, பிஸ்தாவில் அடிக்கடி தென்படும். குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை வரியை இவை உள்ளிட்ட ஆறு நிறங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் கட்டாயமாக்கியது. இந்தியாவில் அந்த வரி இல்லை, எண்தான் அடையாளம். மஞ்சளிலிருந்து வரும் 100, பீட்ரூட்டின் 162, அன்னாட்டோ விதையின் 160பி போட்டவை கிடைத்தால் அவற்றை எடுங்கள்.

குழந்தைகளுக்கு எவ்வளவு?

இரண்டு வயதுக்குள் சேர்த்த சர்க்கரையே வேண்டாம். அதற்கு மேல், ஒரு நாளில் எல்லா உணவிலும் சேர்த்து 25 கிராமுக்குள் என்பது அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் சொன்ன அளவு. 50 மி.லி. பால் ஐஸ்க்ரீம் கப் வாங்கினால் 5 கிராமுக்குள் முடிந்துவிடும். பெரிய குடும்ப டப்பாவைவிடச் சிறு கப்புகளே நல்லது. டப்பாவில் எங்கே நிறுத்துவது என்பது அதைக் கையில் வைத்திருப்பவரைப் பொறுத்தது, கப்பில் அது தானே முடிகிறது. நான்கு வயதுக்குள் முழு நட்ஸ் உள்ள வகை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வீட்டிலேயே செய்தால் சர்க்கரையைக் குறைக்க முடியுமா?

முடியும், பழத்தின் சதைப்பற்று சர்க்கரையின் வேலையில் பாதியைச் செய்துவிடும். நன்கு கனிந்த பச்சை நாடன் அல்லது மோரிஸ் வாழைப்பழம் இரண்டை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகு, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். கல்லாக இருக்கும்போதே ஓட்டினால் பிளேடு சிக்கும், மோட்டார் சூடாகும். தண்ணீரோ பாலோ ஊற்றிச் சரிசெய்தால் மறுபடி உறையும்போது பனிக்கட்டியாகிவிடும். மாம்பழமென்றால் 300 கிராம் சதைக்கு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 200 கிராம். உடனே சாப்பிடுவதுதான் இதன் பக்குவம். மறுநாள் வரை வைத்தால் இறுகிவிடும்.

கடை ஃப்ரீசரில் ஏற்கெனவே உருகி உறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

டப்பாவை லேசாக அழுத்துங்கள். மூடி நெகிழ்ந்தாலோ உள்ளே தளதளத்தாலோ வேண்டாம். பக்கவாட்டில் ஒழுகிக் காய்ந்த பிசுபிசுப்பு, கோன் தாள் ஈரமாகிச் சுருங்கியிருப்பது, குச்சி கோணலாக உறைந்திருப்பது எல்லாம் ஒருமுறை உருகியதற்கான தடயம். வீட்டில் திறந்ததும் மேலே வெண்பனி படலமும், வாயில் நறநறப்பும், விளிம்பிலிருந்து சுருங்கிய இடைவெளியும் தெரிந்தால் அதே கதைதான். மேலே திறந்த ஃப்ரீசர் என்றால் உட்சுவரில் வரைந்த கோட்டுக்கு மேல் அடுக்கியதை விட்டுவிட்டு அடியிலிருந்து எடுங்கள். இரவில் மின்சாரத்தை அணைத்துவிடும் சிறு கடைகளில் காலையில் முதல் ஆளாக வாங்காதீர்கள்.

கெட்டதை மறுபடி உறையவைத்தால் கிருமி சாகாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிரையும் தாங்கும். அமெரிக்காவில் ப்ளூ பெல் நிறுவன ஐஸ்க்ரீம் வழியாகப் பரவியதாக 2015-இல் தெரியவந்த லிஸ்டீரியா தொற்று 10 பேரைத் தாக்கி மூவரின் உயிரைப் பறித்தது. கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது.

மளிகை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக ஐஸ்க்ரீமை எடுங்கள். வெப்பம் புகாத பையோ, இல்லாவிட்டால் நாலைந்து செய்தித்தாள் சுற்றோ இருந்தால் சென்னை வெயிலில் அரை மணி நேரம் தாங்கும். வீட்டில் ஃப்ரீசர் கதவில் வைக்காமல் உள்ளே, பின்பக்கம் வையுங்கள். மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மணிக்கணக்கில் தாங்கும், பாதி காலியானது சீக்கிரம் சூடாகும். கரண்டி தாராளமாக இறங்கும் அளவுக்கு இளகி, நடுவில் இன்னும் கெட்டியாக இருந்தால் அப்போதே சாப்பிட்டுவிடலாம். முழுக்கத் திரவமாகி, எப்போது உருகியது என்று தெரியாமல் கிடந்தால் கொட்டிவிடுங்கள்.